பாட்டிக்கு என்ன வேண்டும்?

நான் மேடையேற்றிய முதல் பள்ளி நாடகத்தில், தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ஒரு பையன் தன் வசனத்தை மறந்துவிட்டான். பிள்ளைகள் மறப்பது புதிதில்லை. என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்ததுதான். மேடையில் நின்ற மற்ற ஆறு பேரும் அவனோடு சேர்ந்து அப்படியே நின்றுபோனார்கள். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வரவேண்டிய வசனத்தின் கடைசிச் சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தச் சொல் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக்கொடுத்தது யார் காதிலும் விழவில்லை. கூடத்தில் பெற்றோர் இருமத் தொடங்கினார்கள்.

கதைப்படி அந்த ஏழு பேரும் காட்டில் தொலைந்துபோன தங்கையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். இருட்டப் போகிறது, குழந்தையைக் காணோம். அதைவிட அவசரம் ஏது? ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவர்கூடத் தங்கையைத் தேடவில்லை. எல்லாரும் வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி அவர்களைப் பழக்கியது நான்தான். ஆறு வாரம் நாள் தவறாமல் உட்காரவைத்து, செய்யுள் ஒப்பிக்க வைப்பதுபோல வசனத்தை ஒப்பிக்க வைத்திருந்தேன். உச்சரிப்புத் திருத்தினேன். கையை எப்போது தூக்க வேண்டும் என்று சொன்னேன். "சோகமாகச் சொல்லு", "கோபமாகச் சொல்லு" என்றேன். தங்கையைத் தேடச் சொல்லவே இல்லை.

நான் மொரீஷியசில் ப்ளேன் வில்ஹெம்ஸ் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை அநேகமாக இல்லை. வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல், தொலைக்காட்சியில் பிரெஞ்சு, தேர்வுத்தாளில் ஆங்கிலம். தமிழ் வாரத்தில் சில பாடவேளைகளில் வரும். கோயிலில் தேவாரமாக வரும். ரூபாய் நோட்டில் அச்சாகி வரும். சோற்றோடு கலந்து கிரியோலுக்குள்ளும் வரும்: ரசத்தை இங்கே ரசோன் என்பார்கள், முருங்கைக்கீரையை ப்ரெட் முரூம் என்பார்கள். ஆனால் ஒரு வாய்த் தண்ணீரைக்கூட என் பிள்ளைகள் தமிழில் கேட்டு வாங்கியதில்லை. அவர்களுக்குத் தமிழ் என்றால் மரியாதையாக நின்று ஒப்பிக்கும் மொழி. குறள் ஒப்பிக்கலாம், பாட்டு ஒப்பிக்கலாம், தேர்வில் எழுதலாம். அதை வைத்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை, யாரோடும் சண்டை போட்டதில்லை, யாரையும் சமாதானப்படுத்தியதில்லை.

நாடகம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று நான் தேடத் தொடங்கியது அந்த அரை நிமிட மௌனத்துக்குப் பிறகுதான். இங்கே அரசு நடத்தும் நாடக விழாவில் தமிழுக்கும் இடம் உண்டு, பள்ளிகளில் ஆண்டுவிழா உண்டு, கோயில்களில் கலைநிகழ்ச்சி உண்டு. வாய்ப்புக்குக் குறைவில்லை. பிள்ளைகளுக்கு நடிப்பின் அரிச்சுவடியை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. இப்போது என் வகுப்பில் எதைச் செய்தாலும் ஒரே கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்: இந்த ஆளுக்கு என்ன வேண்டும்?

இந்தக் கேள்வியை நடிப்புப் பயிற்சியின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் ரஷ்யாவின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938). மாஸ்கோ கலை அரங்கை 1898இல் நிறுவியவர்களில் ஒருவர். நடிகன் உணர்ச்சியை நேராகப் பிழிந்து எடுக்க முயன்றால் பொய்தான் வரும் என்பது அவர் கண்டது. அதற்குப் பதில், இந்த மனிதன் எங்கே இருக்கிறான், என்ன நேரம், சற்றுமுன் என்ன நடந்தது, எதிரில் இருப்பவரிடமிருந்து இவனுக்கு என்ன வேண்டும், 'நான் இந்த நிலையில் இருந்தால்' என்ன செய்வேன் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். சூழ்நிலையைச் சரியாகக் கட்டினால் உணர்ச்சி தானே வரும். வராவிட்டாலும் பார்ப்பவருக்குப் புரியும்.

இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்கிச் சொன்னால் கொட்டாவி விடும். எனவே நான் ஒரு சொல்லைக் கொடுக்கிறேன். 'வா'. அவ்வளவுதான் வசனம். எல்லாருக்கும் தெரிந்த சொல், மறக்க வழியில்லை.

முதல் ஆளிடம் காதோடு சொல்வேன்: பேருந்துக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி போய் ஒளிந்திருக்கிறது, ஓட்டுநர் வண்டியைக் கிளப்பப் போகிறார். இரண்டாவது ஆளிடம்: நேற்று உன்னோடு சண்டை போட்ட தங்கை வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், மன்னிப்புக் கேட்க உனக்கு வாய் வரவில்லை, ஆனால் அவள் சாப்பிட வர வேண்டும். மூன்றாவது ஆளிடம்: உன் தம்பி கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் எழும் அலையை அவன் பார்க்கவில்லை. நான்காவது ஆளிடம்: வகுப்பு நடக்கிறது, சன்னலுக்கு வெளியே மாங்காய் விழுந்திருக்கிறது, பக்கத்துப் பெஞ்சுக்காரனை மட்டும் கூப்பிட வேண்டும்.

நாலு பேரும் 'வா' என்றுதான் சொல்கிறார்கள். நாய்க்குட்டியைக் கூப்பிட்டவன் என்னைக் கேட்காமலே தரையில் முட்டி போட்டுக் குனிந்துவிட்டான். அலையைப் பார்த்தவள் கத்தியதில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். கையை எங்கே வைக்க வேண்டும், குரலை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்து, யாரைக் கூப்பிடுகிறார்கள், எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். சொல்ல முடியாதபோது நடித்தவனிடமே கேட்பேன்: "உனக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரிஞ்சுதா?" பெரும்பாலும் தெரிந்திருக்காது.

இந்தப் பாடத்தை ரஷ்யாவிலிருந்துதான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் நான் மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்துபோன தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை, நாடகத்துக்காக மறுபடி எடுத்துப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடு, அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சி. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பட்டியலோடு தொல்காப்பியர் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நாலு நாலு காரணம் சொல்கிறார். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து பிறக்கிறது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கிலிருந்து. பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கிலிருந்து. எட்டு நாலு முப்பத்திரண்டு.

அழுகிற முகத்துக்குப் புருவம் எப்படி, உதடு எப்படி என்று அவர் தொடங்கவில்லை. எதனால் அழுகிறாய் என்று தொடங்குகிறார். பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் இதை இன்னும் பிரித்துக் காட்டுகிறார்: முதலில் சுவைக்கப்படும் பொருள், பிறகு அதைப் பொறி உணர்வது, பிறகு உள்ளத்தில் எழும் குறிப்பு, கடைசியில்தான் உடம்பில் தோன்றும் கண்ணீரும் மயிர்ச்சிலிர்ப்பும். உடம்பு நாலாவது இடத்தில் வருகிறது. நான் முதல் ஆண்டு முழுவதும் அந்த நாலாவதை முதலாவதாகச் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வதைத்திருக்கிறேன்.

இப்போது வகுப்பில் அழுகைக்கு நாலு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். இளிவு, அதாவது பிறர் இகழ்வது: கரும்பலகையில் நீ தப்பாக எழுதியதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. இழவு: நீ வளர்த்த பூனை செத்துப்போயிற்று. அசைவு, அதாவது இருந்த நிலை கெட்டுத் தளர்வது: காலில் அடிபட்டதால் நீ இனிமேல் பந்தாட்ட அணியில் இல்லை. வறுமை: சுற்றுலாவுக்கு எல்லாரும் காசு கட்டிவிட்டார்கள், உன் அம்மா இன்னும் கொடுக்கவில்லை, நீ அம்மாவைக் கேட்கவும் விரும்பவில்லை. பிள்ளைகள் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்துவந்து பெஞ்சில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். நாலு அழுகையும் நாலு விதமாக இருக்கும். சுற்றுலாக் காசு கட்டாத பிள்ளையாக வந்த பையன் அழவே இல்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, யாரோ ஏதோ கேட்டதுபோலத் தலையை ஆட்டிச் சிரித்தான். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

அச்சத்துக்கு நாலாவதாக வரும் 'இறை' என்பதைத் தமக்கு மேலே இருப்பவர் என்று விளக்கியபோது, ஒரு குரலாக "ஹெட்மாஸ்டர்!" என்றார்கள். தொல்காப்பியம் அந்த நிமிடம் அவர்கள் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மெய்ப்பாட்டியல் 'பண்ணை' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உரியியலில் தொல்காப்பியரே அதற்குப் பொருள் தருகிறார்: விளையாட்டு.

குரல் விஷயத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் இருக்கும் நாடக ஆசிரியர்களுக்கு இது தோன்றியிருக்காது. உரக்கப் பேசுவதைச் சொல்லவில்லை. அது மூச்சுப் பயிற்சி. பாயில் மல்லாந்து படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வைத்து, புத்தகம் ஏறி இறங்க மூச்சு விடப் பழக்கினால் ஒரு மாதத்தில் வந்துவிடும். கிரியோலின் தொண்டை ரகரத்தை நாவின் நுனிக்குக் கொண்டுவருவதும், ழகரமும் பயிற்சிதான். நான் சொல்வது வாக்கியத்தின் வால்.

கிரியோலில் 'மாட்டேன்' என்பது வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். 'மோ பா பு அலே' என்றால் போகமாட்டேன். 'பா' என்ற மறுப்பு இரண்டாவது சொல்லிலேயே வந்தாயிற்று. அதற்குப் பிறகு குரல் தேய்ந்தாலும் கேட்பவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். தமிழில் அப்படி இல்லை. வினை கடைசியில். அந்த வினைக்குள்ளும் உண்டா இல்லையா என்பது பின்பாதியில். 'இந்த மரத்தை நீ வெட்ட நான் விடமாட்டேன்' என்பதில் கடைசிச் சொல் காற்றில் போய்விட்டால், பின்வரிசையில் இருப்பவருக்கு இவள் மரத்தை வெட்டச் சொல்கிறாளா வேண்டாம் என்கிறாளா என்றே தெரியாது. என் பிள்ளைகள் கிரியோல் பழக்கத்தில் வாக்கியத்தின் தொடக்கத்தை அழுத்திவிட்டு முடிவை விழுங்கிவிடுவார்கள். பல ஆண்டுகள் இதைக் 'குரல் பத்தவில்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குரல் பத்தாதது இல்லை, அழுத்தம் இடம் மாறியது. இப்போது ஒரு பந்தைக் கொடுத்து, வாக்கியத்தின் கடைசி எழுத்தைச் சொல்லும்போதுதான் எதிரில் நிற்பவருக்கு எறிய வேண்டும் என்கிறேன். முன்னால் எறிந்தால் ஆட்டம் இழப்பு. இரண்டே வாரத்தில் வால் திரும்பிவிட்டது.

மேடை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. மாதவி ஆடிய அரங்குக்கு இளங்கோவடிகள் அளவே கொடுத்துவிட்டார். 24 விரல் ஒரு கோல். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் ஒரு கோல். விரலுக்கு முக்கால் அங்குலம் என்று வைத்தால் ஒரு கோல் ஒன்றரை அடி. 10½ அடிக்கு 12 அடி. ஒரு மூங்கில் குச்சியை ஒன்றரை அடிக்கு வெட்டிக் கொடுத்து, பள்ளி முற்றத்தில் சுண்ணக்கட்டியால் அளந்து கோடு போடச் சொன்னேன். போட்டு முடித்ததும் உள்ளே போய் நின்று பார்த்து, "இவ்வளவுதானா மிஸ்?" என்று கேட்டார்கள். வகுப்பறையைவிடச் சின்னது. பூம்புகாரையே கட்டிப்போட்ட ஆட்டத்துக்கு அவ்வளவு இடம் போதுமாக இருந்திருக்கிறது. பிறகு யாரும் பெரிய மேடை வேண்டும் என்று கேட்கவில்லை.

அதே காதையில், தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைத்தார்கள் என்று வருகிறது. அதிலிருந்து ஒரு விதி எடுத்துக்கொண்டோம்: உன் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், உன் நிழல் அடுத்தவன் முகத்தில் விழக் கூடாது. முற்றத்து வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் சூடு படும் இடத்தைத் தேடி நகரச் சொன்னேன். கூடத்து மேடையில் ஏறியபோது அவர்கள் விளக்கை அண்ணாந்து பார்க்கவே இல்லை. கன்னத்தால் தேடிக்கொண்டார்கள்.

இடது வலதுதான் ஓயாத தலைவலி. பார்வையாளரின் வலது நடிகரின் இடது. பிரெஞ்சு அரங்கத்தில் இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. இடம் வலம் என்று சொல்லாமல் ஒரு பக்கத்தை 'முற்றத்துப் பக்கம்' என்றும் மறு பக்கத்தைத் 'தோட்டத்துப் பக்கம்' என்றும் சொல்வார்கள். பாரிசில் துய்லெரி அரண்மனை அரங்கில் ஒரு புறம் முற்றமும் மறுபுறம் தோட்டமும் இருந்ததால் வந்த பெயர். அரண்மனை போய்விட்டது, பெயர் நிற்கிறது. போர்ட் லூயியில் 1822இல் திறந்த பழைய அரங்கம் இருக்கும் நாட்டில் இது தெரியாமல் இருக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். உடனே அவர்கள் எங்கள் சுண்ணக்கட்டி மேடைக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். கோர் த கார்ட் மலை இருக்கும் திசை 'மலைப் பக்கம்', பேருந்து போகும் திசை 'சாலைப் பக்கம்'. இப்போது வேறு கூடத்தில் போய் ஆடினாலும், மலையே கண்ணில் படாத இடத்திலும், "மலைப் பக்கமா போ" என்றால் தவறாமல் போகிறார்கள்.

உடை, ஒப்பனை பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளின் முகத்தில் வெள்ளை மீசை ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். அது கீழே விழுமோ என்ற பயத்திலேயே பாதி நடிப்பு போய்விடுகிறது.

முருங்கை மர நாடகத்துக்கு வருகிறேன். அது பிள்ளைகளே கட்டியது. முரண் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாடகத்துக்கு நல்லவன் கெட்டவன் தேவையில்லை, இரண்டு பேர் வேண்டும், ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்குக் கிடைக்காத ஒன்று வேண்டும் என்றேன். ஒரு பெண் கை தூக்கினாள். அவர்கள் வீட்டில் புதுக் கார் வாங்கியிருக்கிறார்கள், நிறுத்த இடமில்லை, கொல்லையில் பாட்டியின் முரூம் மரம் நிற்கிறது. அவ்வளவுதான் சொன்னாள். அதுவே போதுமாக இருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. பாட்டியும் பிடிவாதக்காரி இல்லை. இரண்டு பேரும் சரி. அதனால்தான் அது நாடகம்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்பதில் இங்கே ஆசிரியர்களிடையே பெரிய வாதம் உண்டு. பாடநூல் சொல்லிக்கொடுப்பது எழுத்துத் தமிழ். நாடகத்தில் பேச்சுத் தமிழைக் கொண்டுவந்தால் தேர்வில் பிள்ளைகள் குழம்புவார்கள் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் ஒரு பாட்டி தன் மகனிடம் 'நீ இம்மரத்தை வெட்டுதல் கூடாது' என்று சொல்வதை என்னால் மேடையேற்ற முடியாது. நாம் 'வசனம்' என்று சொல்கிறோமே, அதற்கு உரைநடை என்றும் ஒரு பொருள் உண்டு. பாட்டே பெரும்பங்காக இருந்த தமிழ் மேடைக்கு, 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் போன்றவர்கள் உரைநடையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மனிதர் பேசுவதுபோல மேடையில் பேசலாம் என்பதற்காகவே மேடைக்கு வந்த வசனத்தை, மனிதர் பேசாத மொழியில் எழுதி வைத்தால் என்ன பயன்?

நீ, நீங்க என்பதற்கு மட்டும் நான் தனியாகப் பயிற்சி தருகிறேன். இரண்டு பேரில் யார் மேலே யார் கீழே என்பதை நடிகர்கள் நிற்கும் விதத்தில், பார்க்கும் விதத்தில் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். தமிழில் அது வினையின் முடிவிலேயே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் இது தெரியாததில்லை. கிரியோலில் தோழனுக்கு 'தோ', பெரியவருக்கு 'ஊ'. அப்பாவாக நடித்த பையனிடம், பாட்டியை 'நீங்க' என்று தொடங்கி, கோபம் வரும் இடத்தில் 'நீ' என்று தவறிவிட்டு, உடனே வெட்கப்பட்டு 'நீங்க' என்பதற்கே திரும்பும்படி சொன்னேன். அந்த 'ங்க' விழுந்து எழும் நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா "ஆ!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

பாட்டியாக நடித்தவள் நாலரை அடி உயரம், எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை. முதல் ஒத்திகையில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதையே செய்தாள்: முதுகை வளைத்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, குரலை நடுக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவளிடம், "இந்த வாரம் உன் பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறதை மூணு தடவை பார்த்துட்டு வா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றேன்.

திங்கட்கிழமை வந்தாள். "அவங்க வளையல, மிஸ்" என்றாள். "நேரா இருக்காங்க." பிறகு செய்து காட்டினாள். முதலில் செருப்பைக் காலால் தேடினாள், குனியாமல், கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க. இரண்டு செருப்பும் மாட்டிய பிறகு, ஒரு கையை மேசையில் வைத்தாள். உடனே எழவில்லை. மேசை அசைகிறதா என்று மெல்ல ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு ஒரு மூச்சு. பிறகு எழுந்தாள். எழுந்ததும் நடக்கவில்லை. கால் தன்னோடு வந்துவிட்டதா என்று பார்ப்பவள்போல ஒரு கணம் நின்றாள். அப்புறம்தான் நடந்தாள். முதுகு நேராகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"மேசையை ஏன் அழுத்துறாங்க?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "விழக் கூடாதுன்னு" என்றாள். பாட்டிக்கு என்ன வேண்டும்? விழாமல் இருக்க வேண்டும், அதை யாரும் பார்க்காமலும் இருக்க வேண்டும். முதுமையை நடிப்பதற்கு அதைவிடச் சரியான குறிப்பை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை.

பார்க்க வரும் பெற்றோரில் பலருக்குத் தமிழ் பிடிபடாது. இதற்குத் தெருக்கூத்தின் கட்டியங்காரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். கூத்தில் அவன் கதைக்கும் சனங்களுக்கும் நடுவில் நிற்பவன். ராசா வருவதை அறிவிப்பான், ராசாவையே கேலி செய்வான், ஊர்ப் பேச்சில் விளக்கம் சொல்வான். எங்கள் கட்டியங்காரி ஆண்டுவிழா மேடையில் தமிழில் ஒரு வரி, கிரியோலில் ஒரு வரி என்று பேசினாள். பக்கத்துத் தீவான ரெயூனியனில் இரவெல்லாம் ஆடும் தமிழ் நாடகத்தை நடத்துபவரை இன்றும் 'வார்த்தியால்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாத்தியார்தான் அப்படித் திரிந்திருக்கிறது. கூத்து சொல்லிக்கொடுப்பவருக்கும் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவருக்கும் நம் மொழியில் ஒரே பெயர் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கடைசி ஒத்திகைக்கு முந்தைய நாள். வெளியே மழை, தகரக் கூரையில் ஓயாத சத்தம். பாட்டி மரத்துக்கு முன்னால் வந்து நின்று, 'வெட்ட விடமாட்டேன்' என்று கடைசி எழுத்துவரை சொல்லி முடித்துவிட்டாள். அப்பாவாக நடித்தவன் பதில் சொல்ல வேண்டும். அவனுக்கு மறந்துவிட்டது. எனக்கு அந்த முதல் நாடகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கையெழுத்துப் பிரதியைப் புரட்டினேன், வாயைத் திறந்தேன்.

அதற்குள் பாட்டி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்டா, வாய் இல்லையா உனக்கு?" என்றாள்.

பிரதியில் அப்படி ஒரு வரி கிடையாது. பாடநூலில் 'ஏன்டா' கிடையாது. அவன் திடுக்கிட்டு, "இருக்கு" என்றான். பிறகு, "இருக்கும்மா. ஆனா கார எங்க வைக்கிறது?" என்றான். அதுவும் பிரதியில் இல்லை. அங்கிருந்து இரண்டு பேரும் தாங்களாகவே கதைக்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நான் கண்டிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலும். "அவன் பேசல, மிஸ்" என்றாள். "எனக்கு பதில் வேணும்ல?"

நான் பள்ளியில் சேர்ந்த காலத்திலிருந்து ஒரு பிள்ளை என் எதிரில் தனக்கு வேண்டும் என்பதற்காகத் தமிழில் ஒரு வாக்கியம் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வரியைப் பிரதியில் எழுதிச் சேர்த்தேன். அவள் பேச்சில் இருந்தபடியே எழுதினேன்.

இந்த ஆண்டு அதே நாடகத்தைப் புதிய வகுப்போடு மறுபடி எடுக்கிறோம். பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தபோது, எதற்கும் கை தூக்காத ஒரு பையன் கடைசியில் மெல்ல வந்து, தான் மரமாக நிற்கலாமா என்று கேட்டான். போன ஆண்டு மரம் அட்டையில் வெட்டியது. நிற்கலாம் என்றேன். ஆனால் மரத்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வரச் சொன்னேன்.

மூன்று நாளாக அவன் என்னிடம் பதில் சொல்லவில்லை. இன்று இடைவேளையில், பள்ளி வேலியோரத்து முருங்கைக்குக் கீழே நின்று, காற்றடிக்கும்போது அதன் எந்தக் கிளை முதலில் அசைகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.